செவ்வாய்க்கிழமை அளவு

ஊரில் அவளைத் தண்ணி டாக்டர் என்றுதான் சொல்வார்கள். ஏரிக்கரை ஆராய்ச்சி நிலையத்துக்கு அவள் வந்த புதிதில், வயிற்று வலி என்று ஒருவர் வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார். தான் அந்த மாதிரி டாக்டர் இல்லை, ஏரித் தண்ணீரைச் சோதிப்பவள் என்று அவள் விளக்கினாள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்தத் தண்ணியக் குடிச்சுதானேம்மா வலிக்குது?" என்றார். கடைத்தெருவே சிரித்தது. பெயர் ஒட்டிக்கொண்டது.

அது பதினாறு வருடத்துக்கு முந்தைய கதை. அப்போது நிலையத்தில் ஐந்து பேர் இருந்தார்கள். மீன்களை ஆராய்ந்தவர் வெளிநாட்டில் வேலை கிடைத்துப் போனார். பாசியை ஆராய்ந்தவள் கல்யாணமாகிப் போனாள். ஏரியின் அடிச்சேற்றைத் தோண்டிப் படித்த இரண்டு பேரும் திட்டம் முடிந்த மாதமே பெட்டியைக் கட்டிவிட்டார்கள். வாரத்துக்கு ஒரு முறை ஏரியை அளந்து அறிக்கை அனுப்ப ஒரு ஆள் போதும் என்று தலைமை அலுவலகம் சொன்னபோது, "நான் இருந்துக்கறேன்" என்றாள். அப்போது அவளுக்கு நாற்பது வயது. வேறு எங்கேயும் போக அவளுக்கு அவசரம் இருக்கவில்லை.

நிலையத்தில் நான்கு அறைகள். பெருக்கி மாளவில்லை என்று இரண்டைப் பூட்டிவைத்தாள். கூடத்துச் சுவரில் மழைக்கோட்டு மாட்ட ஐந்து ஆணிகள் இருந்தன. தன் ஒரே கோட்டை வாரத்துக்கு ஓர் ஆணியாக மாற்றி மாட்டினாள். மைக்ராஸ்கோப்பில் நுண்ணுயிரிகளை எண்ணும்போது வாய்விட்டு எண்ணினாள். ஒருநாள் தொலைபேசி அடித்தது. எடுத்து "ஹலோ" என்றபோது குரல் கட்டிப்போய்க் காற்றுதான் வந்தது. மூன்று நாளாக யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தம்பி கூப்பிடுவான்.

"இன்னும் அந்த ஏரியையேதான் கட்டிக்கிட்டு அழறியா அக்கா?"

"நான் எங்கடா அழறேன்? அதுதான் அழுவுது."

"அதுக்கு நீ மூக்கு சிந்தி விடறியாக்கும். பேசாம இங்க வந்துடு. பசங்க ரூம்ல இன்னொரு கட்டில் போட்டா போச்சு."

"வரேன், வரேன்."

ஏரி அழுதது பொய்யில்லை. அவள் வந்த வருடம், மெல்லிய வலையில் வடித்தெடுத்த தண்ணீரில் நாற்பத்தொரு வகை மிதவை உயிரிகள் இருந்தன. கண்ணுக்குத் தெரியாத படகுகள், சக்கரங்கள், கொம்பு முளைத்த பந்துகள் என்று கண்ணாடிக்கு அடியில் ஒரு சந்தையே நடக்கும். இப்போது இருபத்துமூன்று வகை. மிச்ச இடத்தை நூல்நூலாக ஒரே நீலப்பச்சைப் பாசி அடைத்துக்கொண்டிருந்தது. மலைச்சரிவில் மரங்கள் போயிருந்தன, ஊர்ச் சாக்கடை ஏரிக்குள் திரும்பியிருந்தது, பத்து வருடமாக மீன் கூண்டுகள் வந்திருந்தன. பீப்பாய்கள் மிதக்க, அவற்றுக்குக் கீழே ஐந்து மீட்டர் ஆழத்துக்கு வலைத் தொட்டி தொங்கும். மீன் தின்னாத தீவனமெல்லாம் அடிக்குப் போய் அழுகியது.

விரல் நீளம்கூட இல்லாத ஒரு மீன் அங்கே இருந்தது. உடம்பு கண்ணாடி மாதிரி, முள்ளெலும்பு வெளியே தெரியும். ஊர்க்காரர்கள் கண்ணாடிப்பொடி என்பார்கள். உலகத்தில் வேறு எந்த ஏரியிலும் அது இல்லை. அவள் அதைக் கடைசியாகப் பார்த்து ஆறு வருடம் ஆகியிருந்தது. மாதம் ஒரு முறை நாணல் ஓரத்தில் சிறுகண் வலை போட்டு வெறுமையாக இழுத்தாள். அறிக்கையில் ஒவ்வொரு மாதமும் 'காணப்படவில்லை' என்று எழுதினாள். 'இல்லை' என்று எழுதக் கை வரவில்லை.

படகுக்காரர் ஒருவர்தான் அவளுக்குப் பேச்சுத்துணை. அவளைவிடப் பத்து வயது மூத்தவர். நிலையத்தின் மோட்டார் படகை ஓட்டுவது அவர் வேலை. அது தவிர ஏரியின் மறுகோடியில், பாறைக்கு அந்தப் பக்கம் அவருக்கும் அவர் மச்சானுக்கும் சேர்த்து இரண்டு கூண்டுகள் இருந்தன. செவ்வாய்க்கிழமை காலையில் ஏரி நடுவில் இன்ஜினை அணைத்து நங்கூரம் போடுவார். அவள் ஆக்சிஜன் மீட்டரின் கம்பியை மீட்டர் மீட்டராக இறக்கி எண்களை எழுதுவாள். ஆழமான ஏரிகளில் மேல்தண்ணீர் வெயிலில் சூடாகி லேசாக மிதக்கும்; அடித்தண்ணீர் குளிர்ந்து கனமாகக் கிடக்கும். இரண்டும் கலப்பதில்லை. அதனால் ஓர் ஆழத்துக்குக் கீழே மூச்சுவிடக் காற்றே இருக்காது. அழுகல் நாற்றமும் நச்சும்தான் இருக்கும். அந்தக் கோடு எத்தனை மீட்டரில் இருக்கிறது என்பதுதான் வாராவாரம் அவள் தேடும் எண். வழக்கமாகப் பதினேழு, பதினெட்டு இருக்கும்.

கம்பி மேலே வந்ததும் படகுக்காரர் கேட்பார்: "என்னம்மா, எப்படி இருக்கு?"

அவள் எண்ணைச் சொல்வாள். அவர் தலையாட்டுவார். பதினாறு வருடமாக நடந்தது இதுதான். ஆனாலும் அவள் காது அந்தக் கேள்விக்காக வாரம் முழுக்கக் காத்திருக்கும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்தக் கோடு பத்து மீட்டருக்கு ஏறிவிட்டது. குளிர்மாதத்தில் மேல்தண்ணீர் ஆறிப்போய், பலமான காற்றும் சேர்ந்தால், அடித்தண்ணீர் புரண்டு மேலே வரும். வந்தால் கூண்டில் அடைபட்ட மீனுக்குத் தப்ப வழியில்லை. அவள் பதறிப்போய்க் கூண்டுக்காரர் வீடு வீடாக ஏறி இறங்கினாள். "ஏரி கவுந்துடும், மீனையெல்லாம் எடுத்துடுங்க" என்று கெஞ்சினாள். பதினொரு வீட்டுக்காரர்களும் பாதி வளர்ந்த மீனை அள்ளிக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். காற்று வந்தது. இரண்டு நாள் வீசிவிட்டுப் போனது. ஏரி அசையவில்லை.

அதற்குப் பிறகு கடைத்தெருப் பக்கம் அவள் தலை தெரிந்தாலே போதும். "டாக்டரம்மா, இன்னிக்குக் குளிக்கலாமா? இல்ல, ஏரி கவுந்துடுமா?" என்று ஒரு குரல் கேட்கும். கோபத்தில் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவர்கள் சிரித்தார்கள். அந்த வருடம் ஒரு வீட்டில் மகள் கல்யாணம் தள்ளிப்போயிற்று. அந்த வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் சாமான் வாங்கப் போகும் நேரத்தை மத்தியானத்துக்கு மாற்றிக்கொண்டாள். கடையில் அப்போதுதான் ஆள் இருக்காது.

படகுக்காரரும் அப்போது மீனை எடுத்தவர்தான். ஒரு நாளும் அதைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமையும் வந்து நங்கூரத்தைப் போட்டு, "என்னம்மா, எப்படி இருக்கு?" என்றுதான் கேட்டார்.

இந்த வருடக் குளிர்மாதம் முன்கூட்டியே வந்தது. வானம் மூடியே கிடந்தது. கோடு பதினாலு, பன்னிரண்டு என்று மேலே ஏறியது. அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் கம்பியை இறக்கினாள். எட்டாவது மீட்டரில் இரண்டு காட்டிய முள் ஒன்பதில் பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. மறுபடி இறக்கிப் பார்த்தாள். அதே ஒன்பதுதான். மேல்தண்ணீருக்கும் அடித்தண்ணீருக்கும் ஒரு டிகிரிகூட வித்தியாசம் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் இரண்டரை டிகிரி இருந்தது. அதனால்தான் அப்போது ஏரி புரளவில்லை என்பதைப் பிறகு அவளே கண்டுபிடித்து அறிக்கை எழுதியிருந்தாள். இந்த முறை பிடித்துவைக்க எதுவும் இல்லை. ஒரு நல்ல காற்று போதும்.

கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தவளிடம் படகுக்காரர் கேட்டார்: "என்னம்மா, எப்படி இருக்கு?"

வார்த்தை தொண்டைவரை வந்துவிட்டது. கடைத்தெருவும் அந்தச் சிரிப்பும் கூடவே வந்தன. மீண்டும் ஒரு முறை வீடு வீடாக ஏற வேண்டும். மீண்டும் காற்று வீசிவிட்டுப் போய்விட்டால்?

"வழக்கம் போலத்தான்" என்றாள்.

அவர் தலையாட்டிவிட்டு நங்கூரத்தைத் தூக்கினார்.

நிலையத்துக்கு வந்ததும் தலைமை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னாள். மேலதிகாரி பொறுமையாகக் கேட்டார்.

"காத்து வரும்னு ஏதாவது அறிவிப்பு இருக்கா?"

"இன்னும் இல்ல சார். ஆனா தண்ணி ரெடியா நிக்குது."

"போன தடவையும் ரெடியாத்தான் நின்னுச்சு. எதுக்கும் வெள்ளிக்கிழமை இன்னொரு தடவை அளந்துட்டு முடிவு பண்ணுங்க. நம்ம பேரும் கெட்டுடக் கூடாது பாருங்க."

"சரி சார்" என்றாள். அவர் அப்படிச் சொன்னது அவளுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதைப் பிறகு நினைத்து நினைத்து வெட்கப்பட்டாள். புதன்கிழமை முழுக்க உயிரிகளை எண்ணினாள். எண்ணிக்கை தவறித் தவறி முதலிலிருந்து தொடங்கினாள். படகுக்காரர் வீட்டுக்கு நடந்தால் இருபது நிமிடம். இரண்டு முறை செருப்பை மாட்டினாள். இரண்டு முறையும் கழற்றிவிட்டாள்.

வியாழக்கிழமை மத்தியானம் காற்று ஏறத் தொடங்கியது. சாயங்காலத்துக்குள் ஜன்னல் கதவுகள் அடித்துக்கொண்டன. வெள்ளிக்கிழமை பொழுது விடிவதற்கும் நாற்றம் வருவதற்கும் சரியாக இருந்தது. அழுகிய முட்டை நாற்றம். அவள் வெளியே ஓடி வந்தாள். ஏரி பச்சையாக இல்லை. சாம்பலைக் கரைத்த மாதிரி இருந்தது. துறையோரம் சின்ன மீன்கள் தலையை மேலே நீட்டி வாயைத் திறந்து திறந்து மூடின.

மீட்டரைத் தூக்கிக்கொண்டு துறைக்கு ஓடினாள். படகுக்காரர் ஏற்கெனவே இன்ஜினைக் கிளப்பிக்கொண்டிருந்தார். கரையில் கூண்டுக்காரர்கள் கத்திக்கொண்டு நின்றார்கள். அவர்களில் கூண்டுக்காரம்மா என்று எல்லோரும் சொல்லும் விதவை இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, தன் கூண்டைக் கையாலேயே கரைக்கு இழுக்கப் பார்த்தாள். கல்யாணம் தள்ளிப்போன வீட்டுக்காரரும் அவள் பக்கத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஓடை வந்து விழுற மூலைக்குப் போங்கண்ணே!" என்று படகுக்காரரிடம் சொல்லிக்கொண்டே இவள் படகில் ஏறினாள். படகில் குனிந்து மீட்டரைத் தண்ணீரில் விட்டபடியே போனாள். முள் ஒன்றில் நின்றது. ஒன்றரை. ஓடை வாயில் நான்கரைக்கு ஏறியது. "இங்க இருக்கு! இங்க மூச்சு இருக்கு! இந்த மூங்கில்ல இருந்து அந்தக் கல்லு வரைக்கும். கூண்டை இழுத்துட்டு வந்துடலாம்!"

கூண்டை வேகமாக இழுத்தால் வலை சாய்ந்து மீன் ஒன்றன்மேல் ஒன்று நசுங்கிச் சாகும். ஆள் நடக்கும் வேகத்தில்தான் இழுக்க வேண்டும். நங்கூரக் கயிற்றை அறுத்து, படகில் கட்டி, முதலில் கூண்டுக்காரம்மாவின் கூண்டை நகர்த்தினார்கள். கால் மணி நேரம் ஆயிற்று. திரும்பும் வழியில் அவள் கேட்டாள்:

"அண்ணே, உங்களோடது?"

அவர் ஏரியின் மறுகோடியைப் பார்த்தார். "பாறைக்கு அந்தப் பக்கம்மா. போய் இழுத்துட்டு வர ஒன்றரை மணி நேரம் ஆவும். அதுக்குள்ள இங்க இன்னும் மூணு கூண்டைக் கொண்டாந்துடலாம்." இன்ஜின் வேகத்தைக் கூட்டினார். "இங்க இருக்கறதப் பார்ப்போம்."

அவர் சொன்னபடி இன்னும் மூன்றைக் கொண்டுவந்து, மொத்தம் நான்கு கூண்டுகளைச் சேர்த்தார்கள். ஐந்தாவதை இழுக்கும்போதே மீன்கள் வெள்ளையாகப் புரளத் தொடங்கிவிட்டன. பத்து மணிக்கெல்லாம் எல்லாம் முடிந்தது. இருபத்துமூன்று கூண்டுகளில் மிஞ்சியவை நான்கு.

அவருடைய கூண்டுக்குப் படகை விடும்படி அவள்தான் சொன்னாள். பாறையைச் சுற்றி வந்ததும் இன்ஜினை அணைத்துவிட்டார். பீப்பாய்களுக்கு நடுவே தண்ணீர் தெரியவில்லை, வெள்ளை வயிறுகள்தான் தெரிந்தன. அவர் கூண்டின் பலகையில் ஏறிக் கொஞ்ச நேரம் குந்தி உட்கார்ந்தார். ஒரு மீனை எடுத்துச் செவுளைத் திறந்து பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தார்.

"அடுத்த மாசம் எடுக்கறதா இருந்தோம்" என்றார்.

அன்று தொடங்கி மூன்று நாள் ஊரே மீனைப் புதைத்தது. பள்ளம் தோண்டி, சுண்ணாம்பு போட்டு, மூக்கில் துணி கட்டிக்கொண்டு அவளும் அவர்களோடு நின்று அள்ளினாள். இரண்டாம் நாள், நாணல் ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்த குப்பையை வாரும்போது அவள் கை நின்றுவிட்டது. கண்ணாடித் துண்டு மாதிரி ஏதோ பளபளத்தது. உள்ளங்கையில் எடுத்துப் பார்த்தாள். முள்ளெலும்பு தெரிந்தது. கண்ணாடிப்பொடி. மண்டியிட்டுத் தேடினாள். முப்பத்தொன்று கிடைத்தன. சிலவற்றின் வயிற்றில் சினை இருந்தது.

ஆறு வருடமாக அவை இங்கேதான் இருந்திருக்கின்றன. அவள் வலைக்கு எட்டாத ஏதோ ஓர் ஆழத்தில் பெருகி வாழ்ந்திருக்கின்றன. இருக்கின்றன என்பது தெரிந்த நாளும் செத்த நாளும் ஒன்றாகப் போயிற்று. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். எல்லோரும் தங்கள் தங்கள் மீனைச் சுமந்துகொண்டிருந்தார்கள். இந்த நேரத்தில் விரல் நீள மீனுக்காக யாரிடம் போய் அழ முடியும்? மழைக்கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். நிலையத்துக்கு வந்து ஜாடியில் இட்டு, மருந்து ஊற்றி, தேதி எழுதி ஒட்டினாள்.

அவள் எதிர்பார்க்காத ஒன்றும் அந்த நாட்களிலேயே நடந்தது. ஊர் அவளைக் கொண்டாடியது. தன் கூண்டு பிழைத்த கூண்டுக்காரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

"எங்க மூச்சு இருக்குன்னு நீங்க மட்டும் காட்டலைன்னா அந்த நாலும் போயிருக்கும்மா."

இரண்டு வருடமாக முகத்தைத் திருப்பிக்கொண்டவர், கூண்டு மொத்தமும் போன நிலையிலும் அவளிடம் வந்து நின்றார். "அன்னிக்குச் சொன்னீங்க, சிரிச்சோம். இந்தத் தடவை ஏரி உங்களுக்கே சொல்லாம கவுந்துடுச்சு. நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம்" என்றார். கடையில் நாற்காலி போட்டார்கள். டீ கொடுத்தார்கள். இரண்டு வருடமாக அவள் ஏங்கிய ஊர்ப்பேச்சு, அக்கறை எல்லாம் இப்போது வந்து காலடியில் கொட்டியது. அவள் டீயைக் குடித்தாள். சூடு தவிர எதுவும் தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பியிடம் உண்மையைச் சொன்னாள். அவன் உடனே கேட்டான்:

"வேற யாருக்காவது தெரியுமா?"

"ஆபீஸ்ல தெரியும்."

"அவங்க வாயத் திறக்க மாட்டாங்க. அவங்கதானே அளந்துட்டுச் சொல்லச் சொன்னது. நீயும் விட்டுடு அக்கா. சொல்லி என்ன ஆகப் போவுது? செத்த மீன் நீந்தவா போவுது?"

அவன் அவள் நல்லதுக்குத்தான் சொன்னான். போனை வைத்த பிறகு நிலையம் முன்பைவிடப் பெரிதாக இருந்த மாதிரி அவளுக்குத் தோன்றியது.

செவ்வாய்க்கிழமை படகுக்காரர் வழக்கம்போல வந்தார். ஏரி நடுவில் நங்கூரம் போட்டார். அவள் மீட்டரை எடுக்கவில்லை.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்கம்மா."

"போன செவ்வாய்க்கிழமை ஒம்பது மீட்டர்ல மூச்சு இல்ல. ஏரி கவுந்துடும்னு எனக்கு அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு."

அவர் கையிலிருந்த கயிற்றைச் சுற்றுவதை நிறுத்தினார். "நான் கேட்டேனே."

"கேட்டீங்க."

"வழக்கம் போலத்தான்னு சொன்னீங்க."

"பொய் சொன்னேன். மறுபடியும் சிரிப்பாங்கன்னு பயந்துட்டேன். வெள்ளிக்கிழமை அளந்துட்டுச் சொல்லலாம்னு..."

படகு மெல்ல ஆடியது. அவர் மறுபடி கயிற்றைச் சுற்றத் தொடங்கினார். பேசியபோது குரலில் கோபம் இல்லை. இருந்திருக்கலாம் என்று அவள் நினைத்தாள்.

"ஊர்ல யாரும் நம்பியிருக்க மாட்டாங்கம்மா. நீங்க சொல்லியிருந்தாலும் எடுத்திருக்க மாட்டாங்க." கயிற்றை முடிச்சுப் போட்டார். "நான் எடுத்திருப்பேன்."

கொஞ்சம் பொறுத்து, "அளங்க. நேரமாவுது" என்றார்.

அவள் கம்பியை இறக்கினாள். எண்களை எழுதினாள். கம்பி மேலே வந்தது. அவர் எதுவும் கேட்கவில்லை. துறைக்கு வந்ததும் படகைக் கட்டி, சாவியை நிலையத்து வாசல் படியில் வைத்துவிட்டு நடந்துபோனார். அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை வரவில்லை. வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும்படி மனைவியிடம் சொல்லி அனுப்பினார்.

அந்த வாரமே அவள் கூண்டுக்காரர்களை எல்லாம் நிலையத்துக்குக் கூப்பிட்டாள். பூட்டியிருந்த அறைகளைத் திறந்து பாய் விரித்தாள். எழுந்து நின்று அவரிடம் சொன்னதையே அவர்களிடமும் சொன்னாள். மேலதிகாரியின் பெயரை இழுக்கவில்லை. சிலர் கத்தினார்கள். ஒருவர் மீட்டரைத் தூக்கி ஏரியில் வீசப் போனார், பக்கத்திலிருந்தவர் பிடித்துவிட்டார். கல்யாணம் தள்ளிப்போன வீட்டுக்காரர் வந்த வழியே எழுந்துபோனார். கூண்டுக்காரம்மா போகும்போது வாசலில் நின்று, "ஏம்மா, இதச் சொல்லாமயே இருந்திருக்கலாமே" என்றாள். தம்பி சொன்ன அதே வார்த்தை. அவள் சொன்னதில் அன்பு இருந்தது. அந்த அன்பும் அத்தோடு முடிந்தது. கடையில் நாற்காலி போடுவது நின்றது. அவளைப் பார்த்து யாரும் சிரிக்கவுமில்லை.

தலைமை அலுவலகம் விளக்கம் கேட்டது. நடந்ததை அப்படியே எழுதி, கூடவே கண்ணாடிப்பொடியைப் பற்றியும் எழுதி அனுப்பினாள். வேறு ஊருக்கு மாற்றல் வேண்டுமா என்று மேலதிகாரி கேட்டார். வேண்டாம் என்றாள்.

"ஏம்மா? அங்க உங்களுக்கு ஒரு மனுசர்கூட இல்லையே."

"ஆமா சார். ஆனா இங்க அளக்கறதுக்கும் வேற மனுசங்க இல்ல."

தனியாகப் படகோட்டக் கற்றுக்கொண்டாள். நங்கூரத்தைத் தூக்கித் தூக்கி உள்ளங்கை காய்ப்பேறியது. ஒரு கையால் கம்பியைப் பிடித்து மறுகையால் எழுதுவதில் முன்பு ஒரு மணி நேரம் ஆன வேலைக்கு மூன்று மணி நேரம் ஆயிற்று. அளந்து முடித்துக் கரைக்கு வந்ததும் முதல் வேலையாகத் துறையில் தான் நட்டுவைத்த கரும்பலகையில் எழுதுவாள். 'மூச்சு உள்ள ஆழம்' என்று மேலே பெயின்டில் எழுதியிருந்தாள். அதற்குக் கீழே சாக்பீஸால் தேதியும் எண்ணும் போடுவாள். மேல்தண்ணீருக்கும் அடித்தண்ணீருக்கும் எத்தனை டிகிரி வித்தியாசம் என்பதையும் எழுதுவாள். ஆழம் பத்துக்குக் குறைந்தாலோ வித்தியாசம் ஒரு டிகிரிக்கு வந்தாலோ கூண்டை ஓடை வாய்க்கு நகர்த்தவும் என்று ஒரு வரி. அவ்வளவுதான். யார் வீட்டு வாசலிலும் அவள் ஏறவில்லை. இனிமேல் எது நல்ல எண், எது கெட்ட எண் என்று தன் பயத்தைக் கொண்டு தீர்மானிக்கப்போவதில்லை என்று முடிவு செய்திருந்தாள்.

முதல் சில மாதம் பலகை யாருக்கும் கண்ணில் படாத மாதிரி இருந்தது. மாடு வந்து முதுகைத் தேய்த்துவிட்டுப் போனது. யாரோ குறுக்கே ஒரு கோடு கிழித்தார்கள். துடைத்துவிட்டு மறுபடி எழுதினாள். பிறகு ஒருநாள் கூண்டுக்காரம்மா பலகைக்கு முன்னால் நின்று விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கூண்டுகள் ஒன்றிரண்டாகத் திரும்ப வந்தன. முன்பு இருபத்துமூன்று, இப்போது எட்டு. ஓடைக்குப் பக்கமாகவே போட்டிருந்தார்கள். படகுக்காரரும் மச்சானோடு சேர்ந்து ஒன்று போட்டார். அதுவும் பாறைக்கு அந்தப் பக்கம் இல்லை.

மிதவை உயிரிகள் இருபத்தைந்து வகையாகியிருந்தன. இரண்டு வகை கூடியது நிஜமா, எண்ணியதில் பிசகா என்று நான்கு முறை எண்ணினாள். கேட்கத்தான் ஆள் இல்லை, சொல்லவாவது சொல்லலாம் என்று சுவரைப் பார்த்து "இருபத்தஞ்சு" என்றாள்.

மறுபடி குளிர்மாதம் வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை அவள் எழுதிவிட்டு வந்த கொஞ்ச நேரத்தில் மழை பிடித்து ஓய்ந்தது. நிலையத்து வராந்தாவில் வலையை உலர்த்திக்கொண்டிருந்தாள். துறைப் பக்கமிருந்து இருமல் சத்தம் கேட்டது. படகுக்காரர் தன் சின்னத் தோணியை நிறுத்திவிட்டுப் பலகைக்கு முன்னால் நின்றார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். கிட்டே போய்ப் பார்த்தார். பிறகு நிலையத்துப் பக்கம் திரும்பினார். வருடம் ஒன்று ஆகப்போகிறது, அவர் அவள் முகத்தைப் பார்த்துப் பேசி.

"பதினொண்ணா, பதினேழா?" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார். "மழையில கலைஞ்சிருக்கு."

"பதினொண்ணு" என்றாள். குரல் சரியாக எழவில்லை. எழுந்து வராந்தாவின் ஓரத்துக்கு வந்து, அவருக்குக் கேட்கும்படி மறுபடி சொன்னாள். "பதினொண்ணுண்ணே. வித்தியாசம் ஒரு டிகிரிதான். காத்து வந்தா தாங்காது."

அவர் வானத்தைப் பார்த்தார். தலையாட்டினார். தோணியில் ஏறி, அவளைத் திரும்பிப் பார்க்காமல், கூண்டு இருக்கும் பக்கம் துடுப்புப் போட்டார். அரை மணி நேரத்தில் அவரும் மச்சானும் நங்கூரக் கயிற்றை அவிழ்ப்பது தெரிந்தது. கூண்டு ஆள் நடக்கும் வேகத்தில் ஓடை வாயை நோக்கி நகர்ந்தது. அதைப் பார்த்துவிட்டுக் கரையிலிருந்து இன்னொரு தோணி கிளம்பியது. பிறகு இன்னொன்று.

சாக்பீஸை எடுத்துக்கொண்டு அவள் துறைக்கு இறங்கினாள், எண்ணை மறுபடி எழுத.